கப்பல் சாப்பாட்டு அறைக்கு வேட்டியா, கோட்டா? நெல்லையிலிருந்து கிளம்பும் முன்பே பேசித் தீர்க்க வேண்டியவை

சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டும் நம்ம ஊர்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் விசாரித்துவிடும். அறை எத்தனாவது தளம், ஜன்னல் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, தாத்தாவுக்கு சக்கர நாற்காலி தருவார்களா என்று ஏஜென்டைத் துளைத்து எடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்த வேண்டும் என்று கேட்பவர் மட்டும் அபூர்வம். கப்பல் ஏறிய பிறகு கைபேசிச் செயலியிலோ, அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ ‘நாளை ஃபார்மல் நைட்’, அதாவது முறையான உடையில் சாப்பிட வர வேண்டிய இரவு, என்று பார்த்ததும் அறைக்குள் சத்தம் எழும். அப்பா வேட்டிதான் கட்டுவேன் என்பார். கோட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று மகன் நிற்பான். முக்கால் பேண்ட் மட்டும் எடுத்து வந்த அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஃபேக்குப் போய்விடுவார். நடுக்கடலில் துணிக்கடை தேட முடியாது. இந்தப் பேச்சை ஊரிலேயே, பெட்டி கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், மனத்தாங்கலும் வராது.

எந்த அறைக்கு எந்த விதி

கப்பலில் ராத்திரிச் சாப்பாடு ஒரே இடத்தில் கிடையாது. பரிமாறுபவர் வந்து ஆர்டர் எடுக்கும் பெரிய அறைக்கு மெயின் டைனிங் ரூம் என்று பெயர். மேல்தளத்தில் பஃபே இருக்கும். தனிக் கட்டணம் வாங்கும் ஸ்பெஷாலிட்டி உணவகங்கள் சில உண்டு. இவை போக, அறைக்கே கொண்டுவரும் ரூம் சர்வீஸ். உடை விதியின் முழுப் பாரமும் மெயின் டைனிங் ரூம் மேலும் ஸ்பெஷாலிட்டி உணவகங்கள் மேலும்தான் விழும், அதுவும் மாலைக்குப் பிறகு. பஃபேயில் நீச்சல் உடையும் வெறுங்காலும்தான் ஆகாது. மற்றபடி பகலில் உடுத்தியதோடு போய்ச் சாப்பிடலாம்.

விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்டிப்பில் முதலிடம் கியூனார்டு கப்பல்களுக்கு. மாலை ஆறு மணிக்குமேல் பொது இடங்களிலேயே ஓர் ஒழுங்கை எதிர்பார்ப்பார்கள். காலா ஈவ்னிங் என்ற இரவுகளில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிறக் கோட் சூட் வேண்டும்; அதற்கு ஈடாகத் தேசிய உடையையும் ஏற்கிறார்கள். அன்று உடுத்த விரும்பாதவர்களுக்கு பஃபேயும் வேறு சில இடங்களும் மட்டும் திறந்திருக்கும். நார்வேஜியன் கப்பல்கள் இதற்கு நேர் எதிர். ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற பெயரில், கட்டாய ஃபார்மல் இரவே இல்லாமல் நடத்துகிறார்கள். கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஓர் ‘எலிகன்ட்’ இரவு, 6 நாளுக்கு மேல் போனால் இரண்டு. சிங்கப்பூரிலிருந்து தமிழர்கள் நிறைய ஏறும் ராயல் கரீபியன் கப்பல்களிலும் கணக்கு ஏறக்குறைய இதே மாதிரிதான்; கோட் இல்லாமலும் நல்ல சட்டை பேண்ட்டோடு சமாளித்துவிடலாம். சென்னையிலிருந்து 2022-ல் ஓடத் தொடங்கிய கார்டீலியா ‘எம்ப்ரஸ்’ போல இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பலில் வேட்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியமே வராது.

அரைக்கால் டிரவுசர் விஷயத்தில்தான் கம்பெனிகளுக்குள் அதிக வேறுபாடு. சாதாரண இரவுகளில் சிலர் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள், போன வருஷம் மறுத்தவர்கள் இந்த வருஷம் விடுவார்கள். அதனால் யாரோ போய்வந்த அனுபவத்தைக் கேட்டுப் பெட்டி கட்டாதீர்கள். பணம் கட்டும் அன்று கம்பெனி இணையதளத்தின் உடை விதிப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு முறை பார்த்து ஒப்பிடுங்கள்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ‘லட்ச ரூபாய் கட்டி ஓய்வெடுக்கப் போறோம், அங்கயும் கழுத்தை இறுக்கிக்கிட்டு உக்காரணுமா’ என்பது ஒரு நியாயம். அந்த ஓர் இரவின் அலங்காரத்துக்காகவே அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள் என்பது இன்னொரு நியாயம். உடுத்த மனமில்லாதவர் கண்டிப்பான கப்பலை ஏன் எடுக்க வேண்டும்? கடல் எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான். மனசுக்குப் பிடிக்காத விதியுள்ள கப்பலில் ஏறி வாசலில் நின்று வாதாடுவதைவிட, விதி தளர்ந்த கப்பலுக்கு டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம் என்பதே எங்கள் முடிவான கருத்து.

பணம் கட்டும் முன் ஏஜென்டிடம் கேட்க வேண்டியவை

போனில் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல அண்ணாச்சி’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைக் கப்பல் வாசலில் காட்ட முடியாது. மின்னஞ்சலில் கேளுங்கள், கப்பல் கம்பெனியிடமிருந்தே பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். கேள்விகள் இவை: இந்தப் பயணத்தில் எத்தனை ஃபார்மல் இரவுகள், எந்தெந்தத் தேதியில்? ஆண்கள் இந்திய மரபு உடையில், அதாவது வேட்டி சட்டையில், அன்று மெயின் டைனிங் ரூமுக்கு வரலாமா? அன்று உடை விதி இல்லாமல் சாப்பிட எந்தெந்த இடங்கள் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

இரண்டாவது கேள்வியோடு ஒரு படத்தை இணையுங்கள். பயணத்தில் உடுத்தப்போகும் வேட்டி, சட்டை, அங்கவஸ்திரம், செருப்பு உட்பட முழு உடையில், உச்சி முதல் பாதம் வரை தெரியும்படி வீட்டில் எடுத்த படம். ‘வேட்டி’ என்ற சொல்லை மட்டும் படிப்பவர் மனதில் எதை நினைத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தால் குழப்பம் இல்லை. வரும் பதிலை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கடலில் இணைய வசதிக்குத் தனிக்காசு என்பதால் கைபேசிக்குள் இருக்கும் மின்னஞ்சலைத் தேடிக்கொண்டு நிற்க முடியாமல் போகும்.

சாப்பாட்டு நேரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நேரம் குறித்த முறையில் முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் இருக்கும். இரண்டாம் பந்தி எட்டு, எட்டரைக்கு. துறைமுகத்தில் ஊர் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குக் கப்பல் ஏறி, ஆறு பேர் ஒரே குளியலறையில் முறைவைத்துக் குளித்து, பட்டுச்சேலை கட்டி ஐந்தரைக்குப் போய் உட்கார முடியாது. நம்ம வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கும் இரண்டாம் பந்திதான் ஒத்துவரும். குடும்பத்துக்கு மட்டும் தனி மேசை வேண்டும் என்பதையும் பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்காரும்போதுதான் உடையைப் பற்றிய பார்வையும் பேச்சும் அதிகமாக உறுத்தும்.

வேட்டியைச் சரியாகக் கொண்டுபோவது

வேட்டி சட்டைக்கு ஆகும் பெட்டி எடை ஒரு கிலோவுக்குள். கோட், பேண்ட், ஷூ எல்லாம் சேர்ந்தால் இரண்டரை கிலோ வரை வரும். திருவனந்தபுரம் போய் மலிவு விமானத்தில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எடை ஒவ்வொன்றும் காசு. அதனால் வேட்டி என்று தீர்மானிப்பது நல்ல தீர்மானம்தான். கட்டும் விதத்தில்தான் அது ஃபார்மல் உடையாகிறது.

எட்டு முழ வேட்டியை எடுங்கள். அளவில் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரட்டையாகச் சுற்றி வருவதால் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருப்பது தெரியாது. நாலு முழ ஒற்றை வேட்டி வீட்டுக்கும் கோயிலுக்கும் சரி. மின்விளக்குக் கொத்துகளுக்குக் கீழே நடக்கும்போது அதில் டிராயரின் விளிம்பு வரை தெரியும். பருத்தியைவிடப் பட்டோ பட்டுப்பருத்தியோ மேல். கரை ஜரிகையாகவோ ஒற்றை நிறமாகவோ இருக்கட்டும். கட்சிக் கரை வேட்டியைப் பெட்டியில் வைக்காதீர்கள். வெள்ளைக்காரருக்கு அது புரியாது, ஆனால் கப்பலில் ஏறும் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு நன்றாகப் புரியும்.

விளிம்பு பாதத்தின் மேல்புறத்தைத் தொட வேண்டும், தரையைத் தொடக்கூடாது. ஒரு அங்குல இடைவெளி விட்டால் மாடிப்படி ஏறும்போது மிதிபடாது. கப்பல் லேசாக ஆடும் நாளில் இந்த ஒரு அங்குலம் விழாமல் காப்பாற்றும். மடித்துக் கட்டும் பழக்கம் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அரைக்கால் டிரவுசர்தான். ஏசி குளிரில் மடித்துக் கட்டத் தோன்றாது. ஆனால் பஃபேயிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு திறந்த தளத்துக்குப் போகும்போது கை தானாகப் போகும்.

இடுப்பில் நிற்காது என்று பயப்படுபவர்கள் ஒட்டிக்கோ வேட்டி வாங்கலாம். இடுப்பு அளவைச் சாப்பிட்ட பிறகு எடுங்கள். ஒட்டும் பட்டையில் நூலும் தூசியும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். சாதா வேட்டிக்குப் பச்சை பெல்ட் கட்டுபவர்கள், சட்டையை வெளியே விட்டு அதை மறைத்துவிட வேண்டும். அறைச் சாவியாகவும் கப்பல் அடையாள அட்டையாகவும் இருக்கும் கார்டைச் சட்டைப் பையில் வையுங்கள். மடியில் செருகினால் எழும்போது எங்கே விழுந்ததென்றே தெரியாது.

சட்டை வெள்ளை அல்லது சந்தன நிறம், முழுக்கை, காலரோடு. அங்கவஸ்திரத்தை நீளவாக்கில் மடித்து இடது தோளில் போட்டு, உள்பக்கமாக ஒரு ஊக்கு குத்துங்கள். குனிந்து சூப் குடிக்கும்போது கிண்ணத்தில் விழாது. கண்டிப்பான கப்பல் என்றால் மேலே மூடிய கழுத்துள்ள கோட் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்ல பொருத்தம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. பழைய திருநெல்வேலி ஜில்லாவின் எட்டயபுரத்துப் பாரதி கறுப்புக் கோட்டோடுதான் நம் கண்முன் நிற்கிறார். அந்தக் காலத்து வக்கீல்களும் வாத்தியார்களும் வேட்டிக்கு மேல் கோட் போட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

வேட்டியை ஏற்ற வாசல் செருப்பைப் பார்த்துத் தடுக்கலாம். கட்டைவிரல் வார் வைத்த ரப்பர் செருப்பைப் பல கப்பல்கள் சாப்பாட்டு அறையில் ஏற்பதில்லை. தோல் செருப்பும் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். பின்வார் உள்ள தோல் சாண்டலோ, முன்புறம் மூடிய மெல்லிய தோல் காலணியோ கொண்டுபோனால் இந்தப் பேச்சே எழாது.

துணியை இஸ்திரி போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தீப்பிடிக்கும் அபாயத்தால் இஸ்திரிப் பெட்டியும் நீராவி இஸ்திரியும் அறைக்குள் தடை. ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். கார்னிவல், பிரின்சஸ், கியூனார்டு கப்பல்களில் பெரும்பாலானவற்றில் பயணிகளே போய் இஸ்திரி போடும் அறை உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது, காசு கொடுத்துத்தான் போட்டு வாங்க வேண்டும். எனவே ஊரில் இஸ்திரிக்காரரிடம் கஞ்சியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். மொடமொடவென்று கஞ்சி ஏறிய வேட்டி பெட்டிக்குள் ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகாது. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றி, நீளவாக்கில் மடித்த வேட்டியை அதில் உருட்டி வையுங்கள். பட்டுப்பருத்தியில் விழும் சுருக்கத்துக்குக் குளியலறையில் சுடுதண்ணீர் ஆவியில் கால்மணி நேரம் தொங்கவிட்டால் போதும். கஞ்சி போட்ட பருத்தியை அப்படித் தொங்கவிடாதீர்கள்; ஆவி பட்டதும் கஞ்சி இளகித் துவண்டுவிடும்.

கைலியைப் பற்றி ஒரு வரி: அது அறைக்குள் மட்டும்.

2014 சட்டத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்க கிளப் ஒன்றில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி.ஹரிபரந்தாமனை உள்ளே விட மறுத்தார்கள். அந்த வேகத்தில் அதே ஆண்டு தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியதற்காக ஒருவரைப் பொது இடத்தில் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அது சொல்கிறது. நமக்கெல்லாம் பெருமை தந்த சட்டம். ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் செல்லும் சட்டம். பஹாமாஸ், பெர்முடா, பனாமா, மால்டா கொடியோடு நடுக்கடலில் ஓடும் கப்பலில் அந்தக் கொடி நாட்டின் சட்டமும், டிக்கெட் வாங்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும்தான் பேசும். வாசலில் நிற்கும் பிலிப்பைன்ஸ்காரரிடமோ இந்தோனேசியக்காரரிடமோ சட்டப் பிரிவைச் சொல்வதில் பயன் இல்லை. ‘தேசிய உடை ஏற்கப்படும்’ என்ற அவர்கள் கம்பெனியின் வரிதான் உங்களுக்குத் துணை.

கோட் என்று முடிவானால்

ஒரே ஒரு பயணத்துக்காகப் புது சூட் தைக்க வேண்டாம். பெரும்பாலான கப்பல்களுக்கு அடர்நீல பிளேசர், சாம்பல் பேண்ட், வெள்ளைச் சட்டை போதும், டை இல்லாமலே. தைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று மீட்டர் சூட் துணி வேண்டும். பதினைந்து நாளாவது தையற்காரருக்குக் கொடுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த காலமென்றால் ஒரு மாதம்.

பலருடைய பீரோவில் கல்யாண வரவேற்புக் கோட் தூங்கிக்கொண்டிருக்கும். அதை வெளியே எடுத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, வயிற்றுக்குப் பொத்தான் போட்டுப் பாருங்கள். முட்டினால் கோட்டைப் புரட்டி, பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார் என்று அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் ஒரு அங்குலம் வரை பிரித்துவிடலாம். பேண்ட்டின் பின்பக்கத் தையலிலும் அதேபோலத் துணி இருக்கும்.

ஷூவைச் சும்மா துடைத்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பல வருஷம் போடாமல் வைத்த ஷூவின் பாலியூரித்தேன் அடிப்பாகம் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து அரித்திருக்கும். போட்டு நடந்ததும் துண்டு துண்டாக உதிர்ந்து, கம்பளத்தில் கறுப்புத் தூளாகக் கிடக்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் மொட்டை மாடியில் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். அடியைக் கைவிரலால் அழுத்தும்போது பிசுபிசுத்தாலோ விரிசல் விட்டாலோ அந்த ஷூ வேண்டாம்.

பெண்களுக்கு

இங்கே சண்டைக்கு வேலை குறைவு. சேலையை எந்தக் கப்பலும் எந்த இரவிலும் தடுப்பதில்லை. கனமான கல்யாணப் பட்டு வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வீரவநல்லூர் செடிபுட்டா சேலை எடை குறைவு, கரையோரம் பூச்செடி வேலைப்பாடு, ஃபார்மல் இரவுக்குக் கச்சிதம். கடல் காற்றின் உப்பீரத்தில் ஜரிகை கறுக்கும். பால்கனியில் உலர்த்தாமல் அறைக்குள் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். டைனிங் ரூம் ஏசி பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தாங்காது என்பதால் ஒரு சால்வை அவசியம். ஆண்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு போவதும் இதே குளிருக்காகத்தான். ஆனால் தொப்பி வகை எதையும் கழற்றச் சொல்வார்கள் (மத வழக்கப்படி தலையை மறைப்பதற்கு விலக்கு உண்டு). பெரியவர்களுக்கும் சால்வையே கொடுங்கள்.

நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு காலை காப்பிக்குப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. கப்பலில் அது இரவு உடைக் கணக்கில் சேரும். அறைக்கே காப்பி வரவழைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு சுடிதாரைக் கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

மாலை போட்டவர்கள்

அரையாண்டு விடுமுறையில் கப்பல் ஏறும் குடும்பத்தில் ஒருவராவது ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட்டிருப்பார். வேட்டியின் நிறத்தால் தகராறு வராது, வெறுங்காலால் வரும். சாப்பாட்டு அறைகள் எதிலும், பஃபே உட்பட, காலணி இல்லாமல் விடமாட்டார்கள். உடைந்த கண்ணாடியும் சிந்திய சுடுபொருளும் காலில் பட்டால் கப்பல்தான் பொறுப்பு. விரதத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரை வற்புறுத்துவது தவறு. பயணத்தை மாலை கழற்றிய பிறகு தள்ளிவையுங்கள். முடியாதென்றால் அவருக்கு ரூம் சர்வீஸ் என்று முதலிலேயே முடிவு செய்து, குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தசரா விடுமுறையில் குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டிருப்பவர்களுக்கும் இதுதான்.

குடும்பத்துக்குள் பேசும்போது

எல்லோரையும் ஒரே உடைக்குள் தள்ளப் பார்ப்பதுதான் பேச்சைக் கெடுக்கிறது. ஃபார்மல் இரவு ஒன்றோ இரண்டோதான். அன்று யார் யார் டைனிங் ரூம், யார் யார் பஃபே என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். பஃபே போகிறவரைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கக்கூடாது. அவருக்கும் அங்கே நல்ல சாப்பாடுதான். ‘ஒருத்தர் வரலைன்னா யாருமே போக வேண்டாம்’ என்று பெரியம்மா சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அந்தப் பெருந்தன்மை ராத்திரி பத்து மணிக்கு மனக்கசப்பாக மாறும். கிழிந்த ஜீன்ஸ் போடும் பிள்ளைகளிடம் விவாதம் வேண்டாம். வாசலில் தடுப்பார்கள் என்று விதிப் பக்கத்தையே காட்டுங்கள். பெற்றோர் சொன்னால் எதிர்ப்பார்கள், எழுதியிருப்பதைப் படித்தால் இன்னொரு பேண்ட் எடுத்து வைப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மெயின் டைனிங் ரூமில் தலைமைப் பரிமாறுபவரிடம் முந்தின நாளே சொன்னால் மறுநாளைக்கு இந்தியச் சைவம் தனியாகச் செய்து தருவார். ஃபார்மல் இரவன்று நீங்கள் வரப்போவதில்லை என்றால் அதையும் முந்தின நாளே சொல்லுங்கள். சொல்லாமல் போனால் சமைத்தது வீண், அடுத்த நாள் கேட்கவும் முகம் இருக்காது.

முதல் இரவும் கடைசி இரவும்

துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும், சில சமயம் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். முதல் இரவு ஃபார்மல் வைக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். அரைக்கால் டிரவுசரோடு ஏறியவர் அன்று அதோடுதான் நிற்க வேண்டும். ஒரு பேண்ட், காலர் வைத்த சட்டை, மாத்திரைகள் இவற்றைக் கைப்பையில் வையுங்கள். கடைசி இரவு பெட்டிகளை வராந்தாவில் வைக்கச் சொல்வார்கள். சாப்பிட்டு வந்த பிறகு வையுங்கள். மறுநாள் உடுத்த வேண்டியதையும் காலணியையும் வெளியே எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டி வெளியே வைத்துவிட்டு, கைலியோடு குடியேற்ற வரிசையில் நிற்பது வருஷா வருஷம் யாருக்காவது நடக்கிறது.

வாசலில் தடுத்தால்

வரிசையை மறித்து நிற்காமல் இரண்டடி ஒதுங்குங்கள். பின்னால் நிற்பவர்கள் பார்க்கப் பார்க்க ஊழியரும் இறுகிப்போவார்.

வாசலில் இருப்பவருக்கு விதியைத் தளர்த்தும் அதிகாரம் இல்லை. டைனிங் ரூம் மேனேஜரைக் கேளுங்கள். கப்பலில் அவரை மேட்டர் டீ என்பார்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “திஸ் இஸ் அவர் ஃபார்மல் நேஷனல் டிரெஸ். ப்ளீஸ் கால் தி மேனேஜர், வீ வில் வெய்ட் ஹியர்.” ஊழியர்களில் இந்தியர் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம், ஆனால் நம் பக்கம் சாட்சி சொல்ல அவரை இழுக்காதீர்கள். அது அவர் வேலைக்கே வினையாகலாம்.

மேனேஜர் வந்ததும் அச்செடுத்த மின்னஞ்சலைக் காட்டுங்கள். உடையில் எது சரியில்லை என்று குறிப்பாகக் கேளுங்கள். பெரும்பாலும் அது செருப்பாகவோ தொப்பியாகவோதான் இருக்கும், மாற்றிவிட்டு வரலாம். எதுவரை மேசையை வைத்திருப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் குறித்த பந்தியில் கால்மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் சமையல் முறையே தடுமாறும்.

அப்போதும் மறுத்தால் அன்றைக்குப் பஃபே. வயதானவர் கூட இருந்தால் அவரை அங்கேயே நிற்க வைத்து வாதம் செய்யாதீர்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். முதலில் அவர் சாப்பிடட்டும். மறுநாள் காலை கெஸ்ட் சர்வீஸ் மேசைக்குப் போய் தேதி, நேரம், அறை எண், என்ன உடுத்தியிருந்தீர்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். கம்பெனியின் எழுத்து அனுமதி கையில் இருந்தும் மறுத்திருந்தால் அது நியாயமான புகார். அடுத்த ஃபார்மல் இரவுக்குள் தீர்வு சொல்லும்படி கேளுங்கள்.

பக்கத்து மேசைக்காரர் அரைக்கால் டிரவுசரில் வந்திருந்தால்

நாம் விதிப்படி உடுத்தி வந்திருக்க, இன்னொருவரை விட்டுவிட்டார்களே என்ற கோபம் இயல்பானது. அவரிடம் நேரே போய்ச் சொல்லாதீர்கள், படம் எடுக்கவே எடுக்காதீர்கள். அவருடைய பெட்டி வராமல் இருக்கலாம், காலில் கட்டு இருக்கலாம். உறுத்தினால் சாப்பாடு முடிந்த பிறகு மேட்டர் டீயிடம் தனியாகச் சொல்லுங்கள். மேசை மாற்றித் தரவும் அவரால் முடியும். பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் எழுதுவதற்கும் மதிப்பு உண்டு. வருஷா வருஷம் கம்பெனிகள் விதியை இறுக்குவதும் தளர்த்துவதும் அந்தப் படிவங்களையும் பார்த்துத்தான்.

குழுவாகப் போகிறவர்கள், அதாவது முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரே நிற டி-ஷர்ட் அச்சடித்துப் போகும் குழுக்கள், அந்த டி-ஷர்ட்டை ஏறும் நாளுக்கும் ஊர் சுற்றும் நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கழுத்து டி-ஷர்ட்டில் ஃபார்மல் இரவுக்கு முப்பது பேர் வந்தால் முப்பது பேரும் வாசலில்தான். குழுவை நடத்துபவர் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் வாட்ஸாப்பில் இதை அனுப்பினால் போதும்: ‘14-ஆம் தேதி இரவு ஃபார்மல். ஆண்கள்: எட்டு முழ வேட்டி, முழுக்கைச் சட்டை, பின்வார் செருப்பு, அல்லது பேண்ட், முழுக்கைச் சட்டை, ஷூ. பெண்கள்: சேலை அல்லது நல்ல சுடிதார். உடுத்த விருப்பம் இல்லாதவர்களுக்கு மேல்தளத்தில் பஃபே. யார் எங்கே என்று 10-ஆம் தேதிக்குள் பெயர் கொடுக்கவும்.’ தேதியை உங்கள் பயணத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்காதவர்களைப் பஃபே கணக்கில் சேர்த்துவிட்டு, அந்தப் பட்டியலையும் குழுவில் போட்டுவிடுங்கள்.